விமர்சனமா, வாழ்த்தா? எங்கள் படங்களைப் பற்றி நாங்கள் கதைக்கும் விதம்

2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி சூர்யாவின் ‘கங்குவா’ வெளியானது. அன்று மதியத்துக்குள்ளேயே படம் தோல்வி என்று யூடியூப் தீர்ப்பு எழுதிவிட்டது. மூன்று நாட்களின் பின்னர் ஜோதிகா இன்ஸ்டகிராமில் ஒரு பதிவு இட்டார். முதல் அரை மணித்தியாலம் சரிவரவில்லை, ஒலி காதைக் குத்துகிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டிருந்தார். மூன்று மணித்தியாலப் படத்தில் அந்த அரை மணித்தியாலத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு வன்மம் எதற்கு என்பதுதான் அவருடைய கேள்வி.

சில நாட்களுக்குள் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் அறிக்கை வெளியிட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய படங்களை முதல் நாள் விமர்சனங்கள் பாதித்ததாகக் கூறிய சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சனல்கள் நின்று ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்க வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. டிசெம்பரில் இன்னொரு தயாரிப்பாளர் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களுக்குத் தடை கோரியது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்குவது என்று சொல்லி இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. கேரளத்தில் இதே பிரச்சினை 2023இலேயே உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. அங்கு நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட சட்டத்தரணி, விமர்சகர்கள் 48 மணித்தியாலங்கள் பொறுத்திருக்கலாம் என்று 2024 மார்ச்சில் பரிந்துரை செய்தார்.

இந்தச் செய்திகளை நாங்கள் ஒரு சிலர் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன், கொழும்பு, ரொறொன்ரோ என்று ஆளுக்கொரு இடத்தில் இருந்துகொண்டு படங்களையும் பாடல்களையும் பற்றி எழுதுகிற, கமராவுக்கு முன்னால் இருந்து கதைக்கிற ஏழு பேர். யாரும் இதை முழுநேரத் தொழிலாகச் செய்யவில்லை. ஒருவர் வங்கியில் வேலை, இன்னொருவர் ஆசிரியை, நான் சுயாதீன ஊடகவியலாளர். ஒரு படம் பார்த்து முடிந்ததும் வீட்டுக்குப் போகும் வழியிலேயே குரல் பதிவு போட்டு அனுப்பிவிடுவது எங்கள் பழக்கம். அதில் ஒழுங்கும் இருக்காது, மரியாதையும் பெரிதாக இருக்காது. மூன்று நாள் தடை பற்றிய வாதம் சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது மட்டக்களப்பு நண்பர் ஒரு வசனம் சொன்னார்: “அவங்களுக்குப் பிரச்சினை ஆக்கள் கூடத் திட்டுறது. எங்களுக்குப் பிரச்சினை ஒருத்தரும் வாய் திறக்காதது.”

அவர் சொன்னது சரி என்பதே என் முடிவு. ஆனால், அதற்கு வருவதற்கு முன்னர் சென்னையில் நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெரிய நட்சத்திரப் படத்தின் தியேட்டர் வசூல் பெரும்பாலும் முதல் வார இறுதிக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அத்தனை தியேட்டர்களிலும் ஒரே நாளில் போட்டு, ரசிகர்களின் அவசரத்தைக் காசாக்குவதே வியாபார முறை. இந்த அவசரத்தை உருவாக்குவதற்காகத்தான் டீசர், டிரெய்லர், பாடல் வெளியீடு, நேர்காணல் என்று மாதக்கணக்கில் செலவு செய்கிறார்கள். ‘லியோ’வுக்கும் ‘கூலி’க்கும் தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளத்திலும் கர்நாடகத்திலும் வெளிநாடுகளிலும் அதற்கு முன்னரே காட்சி தொடங்கிவிட்டது. ஆகவே சென்னையில் ரசிகர் கதிரையில் அமரும்போது, இரண்டாம் பாதி எப்படி என்பது அவருடைய கைத்தொலைபேசியில் ஏற்கெனவே கிடக்கிறது. அவசரத்தை விற்றவர்கள், அந்த அவசரம் தங்களுக்கு எதிராகத் திரும்பும்போது நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். முதல் நாள் “வேற லெவல்” என்று கத்துகிற ரசிகரின் வீடியோவைத் தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் பக்கத்தில் பகிர்வதற்கு எந்தத் தடையும் கேட்டதாக நான் அறியவில்லை.

அதற்காக யூடியூப் விமர்சகர்கள் எல்லோரும் சுதந்திரத்தின் காவலர்கள் என்றும் சொல்ல முடியாது. ஆத்திரம்தான் அதிகம் பார்க்கப்படுகிறது என்பதை அங்குள்ள சனல்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. படத்தில் நடித்தவரின் உடல், நிறம், வயது, குடும்பம் எல்லாவற்றையும் இழுத்து ஏளனம் செய்வதற்கு விமர்சனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்பெற்ற விமர்சகரான ‘புளூ சட்டை’ மாறன் தானே இயக்கிய ‘ஆன்டி இண்டியன்’ 2021 டிசெம்பரில் வெளியானபோது, மற்றவர்கள் அவருடைய பாணியிலேயே அதை அலசினார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

இருந்தாலும் அதே வாய்வழிப் பேச்சுதான் சின்னப் படங்களைக் காப்பாற்றுகிறது. 2025 மே முதலாம் திகதி சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்த அதே நாளில்தான் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் வந்தது. இயக்குனர் அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். சசிகுமாரையும் சிம்ரனையும் விட்டால் பெரிய விளம்பரப் பலம் எதுவும் இல்லை. பார்த்தவர் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லி, அவர் தன் தங்கச்சிக்குச் சொல்லி ஓடிய படம் அது. முதல் மூன்று நாட்கள் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் இருந்திருந்தால் முதலில் காணாமல் போயிருப்பது இப்படியான படங்கள்தான்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ எங்களுக்கு வேறு விதத்திலும் முக்கியமானது. பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுக் கடல் வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போகும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. எங்கள் ஏழு பேரிடையே அன்று இரவு நடந்த பேச்சை அப்படியே எழுதி வெளியிட்டிருந்தால் அதுவே நல்ல கட்டுரை. ரொறொன்ரோ நண்பர் இரண்டு இடத்தில் அழுததாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஆசிரியை, பேச்சுவழக்கைப் பிடித்துக்கொண்டார்: “சொல் எல்லாம் எங்கட சொல்தான், ராகம்தான் எங்கட இல்லை.” மட்டக்களப்பு நண்பருக்கு அந்தக் குடும்பம் அளவுக்கு மீறி நல்லவர்களாக இருப்பது பிடிக்கவில்லை. அகதி என்றால் எல்லோரிடமும் அன்பாக இருந்தே தீர வேண்டுமா, கோபப்பட அவனுக்கு உரிமை இல்லையா என்று கேட்டார். கடைசியாக ஹற்றனில் இருக்கும் தோழி பேசினார். “இந்தியப் படத்தில் இலங்கைத் தமிழன் என்றால் எப்போதும் யாழ்ப்பாணத்தான்தான். நாங்கள் எந்தப் படத்திலும் இல்லை. எங்களைப் பற்றி ஒரு பாட்டு வந்தது, அதையும் மற்றவர்கள்தான் கொண்டாடினார்கள்.”

அவர் சொன்ன பாட்டு ‘எஞ்சாயி எஞ்சாமி’. 2021 மார்ச்சில் வந்தது. பாடலாசிரியர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர். தலைமுறையாக உழைத்த மண்ணில் ஒரு துண்டு நிலமும் இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பியவர்களின் கதை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கான மலையகத் தமிழருக்குச் செய்ததை எத்தனை கருத்தரங்குகளில் பேசியிருந்தாலும், அந்தப் பாட்டுக்கு ஆடிய பிள்ளைகளுக்கு அது தெரியாது. 2021 ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’வின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி போலும் இருக்க அறிவு இல்லாமல் போனதும், பா. ரஞ்சித் அதைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். அதன் பின்னர் அறிவுக்கெனத் தனி இணைய அட்டை வந்தது. அந்த நாட்களில் எல்லோரும் யார் பெயர் எங்கே என்பதைப் பற்றித்தான் கதைத்தார்கள். பாட்டியின் தேயிலைத் தோட்டம் எந்த நாட்டில் இருந்தது என்று கேட்டது எங்கள் வட்டத்தில் ஹற்றன் தோழி ஒருவர்தான்.

சும்மா கதைக்கிற கதைக்கு இப்படியொரு பயன் இருக்கிறது. கட்டுரை எழுத உட்காரும்போது நாங்கள் சமநிலை பார்ப்போம், சொல் தேடுவோம். குரல் பதிவில் மனதில் பட்டது வந்து விழும். அதில் பாதி தூக்கி எறிய வேண்டியது. மீதிப் பாதியில்தான் அந்தப் படத்தைப் பற்றி வேறு யாரும் கேட்காத கேள்வி இருக்கும்.

இனி எங்கள் சொந்தப் படங்களுக்கு வருவோம்.

கடந்த சில வருடங்களாக வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இளைஞர்கள் குறும்படங்கள், முழுநீளப் படங்கள், பாடல்கள் என்று நிறையச் செய்கிறார்கள். கமரா மலிந்துவிட்டது, எடிட்டிங் வீட்டிலேயே நடக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் ராப் பாடுகிற பெடியன்களின் வேலையில் சிலதை இந்தத் தலைமுறையின் மிக நல்ல தமிழ் எழுத்து என்று நான் தயங்காமல் சொல்வேன். ஆனால், இவற்றுக்கு வரும் கருத்துகளைப் பாருங்கள். “வாழ்த்துகள் தம்பி”, “ஈழத்துக் கலைஞர்களை ஊக்குவிப்போம்”, “தரமான படைப்பு”, நெருப்புப் படம் மூன்று. ஓர் ஆண்டுக்குள் வந்த எங்கள் படங்கள் எல்லாவற்றுக்குமான விமர்சனங்களை அடுக்கிப் பார்த்தால், ஒரு மோசமான படம்கூட எங்கள் மண்ணில் எடுக்கப்படவில்லை என்று நம்ப வேண்டியிருக்கும்.

எங்கள் குரல் பதிவுகளில் அதே படங்களைப் பற்றி வருவது வேறு. வசனம் கேட்கவில்லை, பின்னணி இசை எல்லாவற்றையும் மூடிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பெண், கோபம் வந்தவுடன் சென்னைத் தமிழில் திட்டுகிறாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ட்ரோன் எழும்பிப் பனங்காட்டைச் சுற்றுகிறது. கதாநாயகனுக்குத் தொழில் என்ன என்று கடைசிவரை தெரியவில்லை. பெண் பாத்திரம் அழுவதற்கு மட்டும் வருகிறது. இவை எல்லாம் திருத்தக்கூடிய குறைகள். அடுத்த படத்தில் திருத்துவதற்கு யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் சொல்வதில்லை? முதல் காரணம், இடம் சின்னது. படம் எடுத்தவர் எங்கள் பள்ளிக்கூடத்து அண்ணா, இசையமைத்தவர் மச்சானின் நண்பர், கமராக்காரர் அடுத்த மாதம் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரப்போகிறவர். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு முழுநீளப் படத்தைப் பற்றி நான் எழுதினேன். நடிப்பையும் கதைக்களத்தையும் பாராட்டிவிட்டு, ஒலிப்பதிவு படத்தைக் கெடுத்துவிட்டது என்று இரண்டு பந்தி எழுதியிருந்தேன். மறுநாள் அழைப்பு எனக்கு வரவில்லை, அம்மாவுக்கு வந்தது. “உங்கட பிள்ளைக்கு ஏன் இந்த வேலை? பெடியன் காணி ஈடு வைச்செல்லோ படம் எடுத்தவன்” என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா என்ன சொல்லுவா? “படம் பார்த்தீங்களா?” என்று கேட்டாவாம். அவர்கள் இன்னும் பார்க்கவில்லையாம்.

இரண்டாவது காரணம் காசு. யூடியூப்பில் வருமானம் வரத் தொடங்குவதற்கு 1000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்துக்குள் 4000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். அந்த மணித்தியாலங்கள் ரஜினி, விஜய், சூர்யா படங்களைப் பற்றிக் கதைத்தால்தான் சேரும். எங்கள் படத்தைப் பற்றிய வீடியோவை அந்தப் படக்குழுவும் அவர்களுடைய உறவினரும்தான் பார்ப்பார்கள். அவர்களை மட்டுமே பார்வையாளராக வைத்துக்கொண்டு குறை சொல்வது, பிறந்தநாள் வீட்டில் கேக் சரியில்லை என்று சொல்வதைப் போல.

மூன்றாவது காரணம்தான் கஷ்டமானது. போருக்குப் பிறகு ஒரு பிள்ளை கமராவைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவதே பெரிய விடயம், அவனைப் போய்க் குறை சொல்லலாமா என்ற உணர்வு எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. அதைப் போலித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அந்த இரக்கத்தின் விலையை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் இயக்குனர், வயது 27. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பிய காசில் முதல் படத்தை எடுத்தார். முகநூல் முழுக்க வாழ்த்து. முதல் காட்சி நிரம்பி வழிந்தது, வந்தவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். இரண்டாம் நாள் மாலைக் காட்சிக்குப் பதினொரு பேர். மூன்றாம் நாள் தியேட்டர்காரர் அந்த நேரத்தை இந்தியப் படம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். “படம் நல்லம் எண்டுதானே அண்ணை எல்லாரும் சொன்னவை, பிறகேன் சனம் வரேல்லை?” என்று என்னிடம் கேட்டார். சனம் முட்டாள் இல்லை. எங்கள் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பாராட்டு வந்தால், அந்தப் பாராட்டு எதையும் சொல்லவில்லை என்பதைச் சனம் விளங்கிக்கொள்ளும். அதன் பிறகு உண்மையிலேயே நல்ல படம் ஒன்று வந்து, நாங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் நம்பாது. இன்று நடப்பது அதுதான். இந்த வருடம் நான் பார்த்த மிகச் சிறந்த குறும்படத்துக்கும் மிக மோசமான குறும்படத்துக்கும் கிடைத்த கருத்துகளைப் பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தால் எது எதற்கு என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த மண்ணில் விமர்சன மரபு இல்லாமல் இல்லை. 2022இல் காலமான கே.எஸ். சிவகுமாரன், தமிழிலும் ஆங்கிலத்திலும் பல தசாப்தங்கள் திரைப்படங்களைப் பற்றி எழுதியவர். ‘திறனாய்வு’ என்ற சொல்லை அவர் விரும்பிப் பயன்படுத்தினார். கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பாடலாகப் பார்த்து 1981இலேயே ஆங்கிலத்தில் நூல் எழுதினார். தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’ 1977இல் வந்தபோது வணிகரீதியில் வெற்றி பெறவில்லை. சாதியையும் சீதனத்தையும் நிதானமாகப் பேசிய அந்தப் படத்தை இன்று நாங்கள் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறோம் என்றால், அதற்குப் பிறகும் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்கள்தான் காரணம். முதல் நாள் வாழ்த்து அல்ல.

சட்டப் பயமும் சிலரிடம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு, “படம் சரியில்லை என்று போட்டால் முறைப்பாடு வருமா?” என்று ஒரு தங்கச்சி என்னைக் கேட்டார். அந்தச் சட்டத்தில் விமர்சிக்க எத்தனையோ இருக்கிறது, அதை எதிர்த்து எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆனால், பொய்யான கூற்று என்பதற்கு அது தரும் வரைவிலக்கணத்தில் நல்லெண்ணத்தோடு சொல்லும் அபிப்பிராயம் அடங்காது. குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. சிவில் வழக்கு என்ற வழி இன்னும் உண்டு. அதனால்தான் எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். “இரண்டாம் பாதி எனக்கு அலுத்தது” என்பது அபிப்பிராயம். “தயாரிப்பாளர் காசைச் சுருட்டிவிட்டார்” என்பது குற்றச்சாட்டு, அதற்கு ஆதாரம் வேண்டும். யூடியூப்பில் கதைக்கிற பாதிப் பேர் இந்தக் கோட்டை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள்.

இன்னொரு கோடும் இருக்கிறது. 2020 ஒக்டோபரில் முரளிதரனின் வாழ்க்கைப் படமான ‘800’ஐப் பற்றிய சர்ச்சையின்போது விஜய் சேதுபதியின் சின்ன மகளுக்கு இணையத்தில் பாலியல் வன்முறை மிரட்டல் விடுக்கப்பட்டது. படம் அப்போது எடுக்கவே தொடங்கவில்லை. அந்தப் படத்தில் அவர் நடிக்கக் கூடாது என்று சொல்ல எங்களில் பலருக்கு அரசியல் காரணம் இருந்தது. அந்த மிரட்டலுக்குப் பிறகு அந்தக் காரணங்களை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. 2023இல் வேறு நடிகரோடு படம் வெளியானபோது அதைப் பார்த்துவிட்டு நிதானமாக எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். எங்கள் குழுவில் இருக்கும் இரண்டு பெண்களும் தங்கள் வீடியோக்களுக்கு வரும் கருத்துகளில் படத்தைப் பற்றியவை எத்தனை, தங்கள் உடுப்பைப் பற்றியவை எத்தனை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே “மனதில் பட்டதைச் சொல்லுங்கள்” என்று எல்லோரையும் பொதுவாக அழைப்பதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. மனதில் படுவது படத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

கடந்த ஆறு மாதமாக எங்கள் ஏழு பேருக்குள் சில ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். எங்கள் படங்களுக்கு இலவசச் சீட்டில் போவதில்லை, ரிக்கெட் எடுத்துத்தான் போகிறோம். படக்குழுவில் தெரிந்தவர் இருந்தால் முதல் வசனத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். சொந்தக்காரரின் படம் என்றால் வேறு மாவட்டத்தில் இருப்பவர்தான் எழுத வேண்டும். யாழ்ப்பாணப் படத்துக்கு ஹற்றனிலிருந்தும், மலையகப் படத்துக்கு மட்டக்களப்பிலிருந்தும் விமர்சனம் வருவதால், அம்மாமாருக்கு வரும் அழைப்புகள் குறைந்திருக்கின்றன. குறை சொல்லும்போது எந்தக் காட்சி, எத்தனையாவது நிமிடம் என்பதைக் குறிப்பிட வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் படைப்பாளிகள் அதிகம் விரும்புகிறார்கள், அது எனக்கே ஆச்சரியம். திட்டுக்கும் வாழ்த்துக்கும் பழகியவர்களுக்கு, ஒருவர் உட்கார்ந்து நிமிடக் கணக்கோடு பார்த்திருக்கிறார் என்பது புதிதாக இருக்கிறது.

அந்த 27 வயது இயக்குனர் இப்போது இரண்டாவது படத்தின் எடிட்டிங்கில் இருக்கிறார். போன மாதம் முதல் வெட்டை எங்கள் ஏழு பேருக்கும் அனுப்பினார், வெளியிடுவதற்கு அல்ல, திட்டுவதற்கு. நாங்கள் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம் வந்தன, படத்தைவிடப் பத்து நிமிடம் குறைவு. ஹற்றன் தோழி சொன்னதில் ஒன்றை மட்டும் அவர் ஏற்கவில்லை. அந்தக் காட்சி அப்படியேதான் இருக்கும் என்று திருப்பி எழுதியிருக்கிறார். மற்றவற்றுக்காக இரண்டு நாள் மீண்டும் டப்பிங் செய்யப்போகிறாராம்.